மீட்டரில் 20, கடிகாரத்தில் 16: மேடவாக்கம் – பெருங்குடி சைக்கிள் கணக்கு

போன வாரம் சைக்கிள் மீட்டருக்கு ஒயரும் சென்சாரும் புதிதாகப் போட்டேன். பழைய ஒயரை எலி கடித்துவிட்டது. எங்கள் அப்பார்ட்மென்ட் பார்க்கிங் எலிகள் கார் ஒயரையே விட்டுவைப்பதில்லை, இது எம்மாத்திரம். அதே வாரம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர், மேடவாக்கத்தில் வீடு பார்த்துவிட்டாராம், வந்து கேட்டார்: "அண்ணா, சைக்கிள்ல வந்தா ஆவரேஜ் எவ்ளோ வரும்? நீங்க வச்சிருக்க மீட்டர் வாங்கலாமா?" ஒன்றுக்கும் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, அதில் பாதி கோபம்.

மீட்டரைப் பற்றிச் சுருக்கமாக. ஒயர் உள்ள சாதாரண ரகம். முன் ஃபோர்க்கில் சென்சார், ஸ்போக்கில் ஒரு குட்டிக் காந்தம், ஹேண்டில்பாரில் ஒரு சின்னத் திரை. ஜிபிஎஸ், ப்ளூடூத் எதுவும் கிடையாது. சிஆர்2032 செல் ஒன்று போட்டால் வருடம் தாண்டி ஓடுகிறது. நான் வாங்கிய விலையில் இப்போது ஏறக்குறைய பாதிக்கே கிடைக்கிறது. மற்ற விவரமெல்லாம் விற்கும் இடத்திலேயே போட்டிருப்பார்கள்.

வழி இது: மேடவாக்கம் கூட்ரோட்டிலிருந்து வேளச்சேரி சாலையில் பள்ளிக்கரணை. அங்கே வலது பக்கம் திரும்பி ரேடியல் ரோடு. சதுப்பு நிலத்தைத் தாண்டினால் துரைப்பாக்கம். அங்கிருந்து ஓ.எம்.ஆரில் இடது பக்கம் பெருங்குடி. வீட்டு கேட்டிலிருந்து ஆபீஸ் கேட் வரை 12 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். மலை கிடையாது, ஏற்றம் என்றால் மேம்பாலம் மட்டும்தான். மேடவாக்கத்தில் 2022-ல் திறந்த நீண்ட மேம்பாலத்தில் நான் ஏறுவதில்லை. பக்கத்துப் பக்கம் லாரி உரசிக்கொண்டு போக மூச்சு வாங்கி ஏறுவதற்குக் கீழேயே போய்விடலாம்.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். இந்த மீட்டர் சக்கரம் சுற்றும்போது மட்டும்தான் நேரத்தை எண்ணும். கால் தரையில் ஊன்றியதும் அதன் கடிகாரம் நின்றுவிடும். ரேடியல் ரோடு சந்திப்பில் சிவப்பு விழுகிறது. முன்னால் ஒரு தண்ணி லாரி, பக்கத்தில் ஹாரனை விட்டுக் கையெடுக்காத ஒரு ஷேர் ஆட்டோ. திரையில் மேலே 0.0. கீழே ஆவரேஜ் 20.3. நிமிடம் ஒன்று போகிறது, ஒன்றரை போகிறது, கழுத்தில் வியர்வை இறங்குகிறது, அந்த 20.3 அசையவே இல்லை. நான் நிற்பது அதற்குத் தெரியாது. சிக்னலில் நின்ற நேரத்தை யார் கணக்கில் எழுதுவது? என் மேலதிகாரி எழுதுகிறார், மீட்டர் எழுதுவதில்லை.

கணக்காகவே போட்டுப் பார்ப்போம். ஓடும்போது 20 கி.மீ. வேகம் என்றால் 12 கி.மீ.க்கு 36 நிமிடம். சிக்னல், யூ-டர்ன், பஸ் பின்னால் மாட்டிக்கொள்வது எல்லாம் சேர்த்து எனக்கு 8 நிமிடம் நின்ற கணக்கில் போகும். மொத்தம் 44 நிமிடம். அப்படியென்றால் வாசலுக்கு வாசல் வேகம் 16.4. மீட்டர் சொல்வது 20, சுவர்க் கடிகாரம் சொல்வது 16. பேசும்போது எல்லோரும் முதல் எண்ணைச் சொல்கிறோம், வாழ்வது இரண்டாவது எண்ணில்.

சரி, வேகமாக மிதித்தால்? 20-ஐ 24 ஆக்குகிறேன் என்று வையுங்கள். 36 நிமிடம் 30 ஆகும். நின்ற 8 நிமிடம் அப்படியே இருக்கும், அதை மிதித்துக் குறைக்க முடியாது. 38 நிமிடம், வாசலுக்கு வாசல் 19-ஐ ஒட்டி வரும். லாபம் 6 நிமிடம். விலை என்ன? காற்றைக் கிழித்துப் போக வேண்டிய சக்தி வேகத்தின் கனமாக (வேகம் x வேகம் x வேகம்) ஏறும். 20-லிருந்து 24 போக, காற்றுக்கு மட்டுமே 70 சதவீதத்துக்கு மேல் கூடுதல் உழைப்பு. அந்த உழைப்பின் வியர்வை சென்னை ஈரப்பதத்தில் சட்டையை விட்டுப் போக ஆபீஸில் கால் மணி நேரம் ஃபேனுக்கு அடியில் நிற்க வேண்டும். மிச்சம் பிடித்த 6 நிமிடம் எங்கே போயிற்று? அதிலும் துரைப்பாக்கம் சிக்னல் ஒன்று கைநழுவினால் இரண்டு நிமிடம் அங்கேயே அவுட்.

போனில் ஓட்டிப் பார்க்கலாமே என்பார்கள். சைக்கிள் ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப்பிலும் முகப்பில் வரும் ஆவரேஜ் ஓடிய நேரத்தை வைத்துத்தான். மொத்த நேரத்தை உள்ளே போய்த் தேட வேண்டும். ஆனால் அதிலாவது தேடினால் கிடைக்கும்.

எரிச்சல் இவ்வளவு இருக்க, இத்தனை வருடம் ஏன் கழற்றி எறியவில்லை என்றால், சதுப்பு நிலச் சாலை. அந்த நாலைந்து கி.மீ.யில் பெரிதாக நிற்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் வெட்டவெளி. உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த இடம். குளிர்காலத்தில் கூழைக்கடாவும், அதிர்ஷ்டம் இருந்தால் தூரத்தில் பூநாரையும் தெரியும். வடக்குக் காற்று அடித்தால் பெருங்குடி குப்பைமேட்டின் வாசனையும் வந்து சேரும், அதையும் சொல்லிவிட வேண்டும். இங்கேதான் மீட்டர் உண்மையாகவே பேசுகிறது, பேசுவது காற்றைப் பற்றி.

நான் காலையில் கிழக்கே போகிறேன், மாலையில் மேற்கே திரும்புகிறேன். ஜூன், ஜூலை காலையில் மேற்கிலிருந்து காற்று, முதுகில் தள்ளும். மாலையில் கடற்காற்று கிழக்கிலிருந்து, மறுபடியும் முதுகில். இரண்டு வேளையும் காற்று நம் பக்கம் என்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்? பெடலில் பெரிய அழுத்தம் இல்லாமலே திரையில் 25, 26 என்று ஓடும். எதிர்த்திசையில் குடியிருக்கும் நண்பர் ஒருவர், வீடு திருவான்மியூர், வேலை பள்ளிக்கரணைப் பக்கம், இதே காற்றைத் திட்டிக்கொண்டே இரண்டு வேளையும் ஓட்டுகிறார்.

ஆடி மாதத்தில் சில நாள் கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும். மேற்குக் காற்று சாயங்காலம் வரை விடாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறார்கள், அம்மியாவது காற்று போகிற திசையில் பறக்கும், நான் எதிர்த் திசையில் மிதிக்க வேண்டும். அதே கால், அதே மூச்சு, திரையில் 14. இங்கே ஒரு விஷயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. போகும்போது 26, வரும்போது 14 என்றால் சராசரி 20 இல்லை. 18.2 தான். மெதுவாக ஓட்டிய பாதியில் அதிக நேரம் செலவாகிறது, அதனால் அது கணக்கை இழுத்துக்கொண்டு போகும். காலையில் காற்று கொடுத்ததை மாலையில் வட்டியோடு பிடுங்கிக்கொள்கிறது.

ரிப்பேர் கதையையும் சொல்ல வேண்டும், கோபம் இன்னும் ஆறவில்லை. ஒயர் மாற்றிக் கொடுத்த கடையில் செல்லைக் கழற்றி மாட்டினார்கள். அதில் பழைய செட்டிங் எல்லாம் போய்விட்டது. கடைப் பையன் ஏதோ ஒரு எண்ணைப் போட்டு, "ஓகே சார்" என்று கையில் கொடுத்தான். மறுநாளிலிருந்து ஆவரேஜ் 19.3, 19.2. செயினுக்கு எண்ணெய் விட்டேன், டயருக்குக் காற்றடித்தேன், பிரேக் உரசுகிறதா என்று சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தேன். எதிலும் குறையில்லை. கடைசியில் செட்டிங்கைத் திறந்து பார்த்தால் சக்கரச் சுற்றளவு 2096 மி.மீ. அது 700x23 ரேஸ் டயருக்கான எண். என் டயர் 700x35, அதற்கு 2168. மூன்று சதவீதத்துக்கு மேல் வித்தியாசம், 20 ஓட்டினால் 19.3 காட்டும். எண்ணை மாற்றிய மறுநாள் காலையே இளமை திரும்பியது.

அட்டவணையை நம்பாதவர்கள் நேரடியாகவே அளந்துகொள்ளலாம். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு, சைக்கிள் மேல் உட்கார்ந்தபடி ஒரே ஒரு சுற்று நேராக உருட்டி, இன்னொரு கோடு. டேப் பிடித்து மில்லிமீட்டரில் அளந்து போட வேண்டும். உட்காராமல் உருட்டினால் டயர் நசுங்காது, எண் கொஞ்சம் கூடுதலாக வரும். கடையில் யாரும் இதைச் செய்து தரமாட்டார்கள்.

இனி மற்றவர்கள் ஓட்டுவது. ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆரில் 28, 30 போடும் ஆட்கள் எங்கள் கூட்டத்தில் உண்டு. அதே ஆள் திங்கட்கிழமை லேப்டாப் பையோடு ஓ.எம்.ஆரில் வந்தால் ஓடும் வேகம் 21, 22, வாசலுக்கு வாசல் 18 தாண்டாது. கியர் இல்லாத பழைய கறுப்பு சைக்கிளில் வரும் எங்கள் செக்யூரிட்டி ஐயா நிதானமாக 13, 14-ல் வருகிறார். ஆனால் சிக்னலுக்கு முன்னால் சந்து எது, எந்த இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு கடக்கலாம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி, நிற்கும் நேரம் அவருக்கு என்னில் பாதிகூட இருக்காது. கோபன்ஹேகனில் நோரப்ரோ பகுதியின் பிரதான சாலையில் காலையில் நகரத்துக்குள் போகிறவர்கள் 20 கி.மீ. வேகத்தில் மிதித்தால் அடுத்தடுத்த சிக்னல் எல்லாம் பச்சையாக விழும்படி அமைத்திருக்கிறார்கள். சைக்கிளுக்கென்றே சாலை போட்ட ஊரிலேயே ஆபீஸ் போகிறவருக்கு வைத்த வேகம் 20 தான் என்று தெரிந்த பிறகு எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது. வித்தியாசம் காலில் இல்லை, சிக்னல் பெட்டியில்.

மின்சார சைக்கிள் வாங்கலாமா என்றும் அந்தத் தம்பி கேட்டார். நம் ஊர் விதிப்படி 250 வாட், 25 கி.மீ.க்குள் இருந்தால் பதிவும் லைசென்ஸும் வேண்டாம். சிக்னலிலிருந்து எடுப்பது சுலபம், சட்டை நனையாது. சிவப்பு அதற்கும் சிவப்புதான்.

மெட்ரோ வேலை தொடங்கி ஓ.எம்.ஆரில் தடுப்பு வைத்த பிறகு ஒரு வேடிக்கை பார்த்தேன். என்னோடு துரைப்பாக்கத்தில் திரும்பும் எம்.டி.சி. பஸ் என்னைத் தாண்டும், நிறுத்தத்தில் நான் அதைத் தாண்டுவேன், மறுபடி அது. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்களின் முகம் பழகிவிட்டது. பெருங்குடியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வந்து சேர்கிறோம். காரில் வரும் என் பக்கத்து சீட்டுக்காரருக்கு ஒரு நாள் 30 நிமிடம், ஒரு நாள் ஒரு மணி பத்து நிமிடம். எனக்கு 42-லிருந்து 46. காலை மீட்டிங்குக்கு நான் தாமதமானது இல்லை, மழை நாள் நீங்கலாக. அந்த 16 என்கிற அசிங்கமான எண் கூடவும் கூடாது, குறையவும் குறையாது. இந்த மீட்டர் எனக்குக் கொடுத்த ஒரே உருப்படியான தகவல் இது. அதையும் நான்தான் கடிகாரத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தேன்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. பள்ளிக்கரணையில் தண்ணீர் நின்றால் குழி எது சாலை எது என்று தெரியாது. முன்னால் போகும் பைக்கின் சக்கரம் எவ்வளவு முங்குகிறது என்று பார்த்துத்தான் போக முடியும், 8, 9 வேகம். மீட்டர் அப்போதும் வேலை செய்கிறது. திரைக்குள் ஆவி படியும், இரண்டு நாளில் போய்விடும். அடியில் இருக்கும் இரண்டு பித்தளைப் புள்ளியில் பச்சை பிடித்தால் எண் விட்டுவிட்டு வரும், பென்சில் ரப்பரால் தேய்த்தால் சரியாகிவிடும்.

சரி, வாங்கலாமா? உறுதி, மழை தாங்குகிறது, செல் செலவு ஒன்றுமில்லை, துல்லியம் குறை சொல்ல முடியாது, விலையும் இறங்கியிருக்கிறது. வாங்காதீர்கள். ஆபீஸ் போக இது தேவையே இல்லை. காலையில் கிளம்பும்போதும் சேரும்போதும் கையில் மணி பார்த்தால் போதும். நான் ஆவரேஜ் வரும் கீழ்வரியின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டேன். மேலே ஓடும் வேகம் மட்டும் தெரியும், அதுவும் சதுப்பு நிலச் சாலைக்காக.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். ரிப்பேர் செய்த சூட்டில் எழுதுகிறேன், மார்கழிக் காலையில் கேட்டிருந்தால் நாலு கொடுத்திருப்பேன். அந்தத் தம்பிக்கு எண் ஏதும் சொல்லவில்லை, ஒன்பதரை மீட்டிங் என்றால் எட்டே முக்காலுக்குக் கிளம்பு, மாற்றுச் சட்டை ஒன்றைப் பையில் வைத்துக்கொள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.