பெங்களூரு பிளாட்டில் தீ: லீவு முடிவதற்குள் இன்சூரன்ஸ் வேலை

பெங்களூரில் பிளாட்டை வைத்துவிட்டு சிங்கப்பூரிலோ கனடாவிலோ இருப்பவர்கள், வீட்டில் தீ என்று போன் வந்ததும் கிடைத்த விமானத்தில் ஏறி வருகிறார்கள். வந்து இறங்கியதும் கரியைக் கழுவி, வெந்ததைப் பழைய சாமான் கடைக்குப் போட்டு, பெயின்டரைக் கூப்பிடத்தான் கை பரபரக்கும். சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்த்து முடிக்கும்வரை எதிலும் கை வைக்க வேண்டாம். லீவு நாட்களில் ஆள் நேரில் நின்றாக வேண்டிய வேலை சர்வே, தீயணைப்பு நிலைய அறிக்கை, எஸ்டிமேட், சில கையெழுத்துகள், அவ்வளவே. மீதியெல்லாம் ஈமெயிலில் நடக்கும்.

கம்பெனிக்குத் தகவல் சொல்ல ஊர் வந்து சேரக் காத்திருக்காதீர்கள். அங்கிருந்தே ஈமெயில் போட்டு க்ளெய்ம் நம்பர் வாங்கிவிடுங்கள். 2024 ஜூனில் இன்சூரன்ஸ் துறையின் ஒழுங்குமுறை அமைப்பான ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுற்றறிக்கைப்படி 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும்; அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும்; அதிலிருந்து 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். சர்வேயர் ஃபீஸ் கம்பெனியின் செலவு, உங்களுடையது அல்ல. உங்களுடையது பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான வீட்டுக் காப்பீட்டுப் பாலிசியாக இருந்தால் க்ளெய்ம் பாரத்தை 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

வண்டி அனுப்பிய தீயணைப்பு நிலையத்தில் வீட்டுக்காரர் பெயரில் மனு எழுதிக் கொடுத்து அறிக்கை கேளுங்கள். பெரும்பாலும் கன்னடத்தில் இருக்கும், கையோடு ஒரு மொழிபெயர்ப்பும் எடுத்துக்கொள்ளலாம். அதில் சேத மதிப்பு என்று ஒரு வரி வரும். தீ அணைந்த பதற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரரோ வாட்ச்மேனோ “ஒரு லட்சம் இருக்கும் சார்” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னால் அதுவே பதிவாகிவிடும். பிறகு நான்கு லட்சத்துக்கு எஸ்டிமேட் நீட்டினால் கேள்வி வரும். மதிப்பு இன்னும் கணக்கிடவில்லை என்று சொல்ல வீட்டில் இருப்பவர்களைப் பழக்கி வையுங்கள். போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தில் தகவல் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்வதும் நல்லது.

தீயணைப்பு அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் மின்கசிவு என்று எழுதியிருந்தால் அதன் விளைவைத் தெரிந்துகொள்ளுங்கள். பெங்களூரில் பல வீடுகளில் இன்வெர்ட்டர் உண்டு. பேட்டரி டெர்மினலில் பிடிமானம் தளர்ந்தால் அந்த இடம் சூடாகி, ஒயரின் பிவிசி உருகி, மேலே இருக்கும் ஷெல்ஃபில் தீ பிடிக்கலாம். ஷார்ட் சர்க்யூட் ஆன அந்த ஒரு சாதனத்துக்குப் பாலிசி பணம் தராது. ஆனால் அதிலிருந்து பரவி எரிந்த அலமாரி, கதவு, டிவி, சுவர் எல்லாவற்றுக்கும் தரும். “மின்கோளாறு, அதனால் க்ளெய்ம் கிடையாது” என்று யாராவது ஒரேயடியாகச் சொன்னால், விலக்கு அந்தக் கருவிக்கு மட்டும்தான் என்ற வரியைப் பாலிசியிலிருந்தே எடுத்துக் காட்டுங்கள்.

சர்வே அன்று எரிந்த ஃபிரிட்ஜின் கம்ப்ரஸரும் ஏசியின் சீரியல் நம்பர் தகடும் கிடந்தாலே போதும், பொருள் இருந்ததற்குச் சாட்சி. பில் இல்லாவிட்டால் கார்டு ஸ்டேட்மென்ட், ஆன்லைன் ஆர்டர் வரலாறு, ஏன், போன வருஷத்து நவராத்திரிக் கொலுப் படம்கூட உதவும். பொம்மைக்குப் பின்னால் சோபாவும் டிவியும் தெரியுமே! தீயணைப்புத் தண்ணீரில் ஊறிப்போன மெத்தையும் மாடுலர் கிச்சன் பிளைவுட்டும் சேதக் கணக்கில்தான் சேரும், அவற்றை விட்டுவிடாதீர்கள்.

கட்டடத்தில் கண்ணுக்குத் தெரிவது கரி மட்டும்தான். சீலிங்கைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் கேட்டால் பூச்சு விட்டுவிட்டது. கான்கிரீட் சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால், ஜல்லியைப் பொறுத்து, இளஞ்சிவப்பு ஏறும். அப்படித் தெரிந்தால் பெயின்ட் எஸ்டிமேட்டோடு நிற்காமல் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழையுங்கள். பாரத் கிருஹ ரக்ஷாவில் இன்ஜினியர் ஃபீஸுக்கு க்ளெய்ம் தொகையில் 5 சதவீதம் வரையும், இடிபாடு அகற்ற 2 சதவீதம் வரையும் கிடைக்கும். வேறு வீட்டில் வாடகைக்கு இருக்க வேண்டி வந்தால் அந்த வாடகைக்கும் இடம் உண்டு. எஸ்டிமேட்டில் “ரிப்பேர் மொத்தம் 3 லட்சம்” என்று ஒரே வரியாக எழுதினால் சர்வேயர் வெட்டுவார். பூச்சு எத்தனை சதுர அடி, ஒயரிங் எத்தனை பாயின்ட், டைல்ஸ் என்ன அளவு என்று பிரித்து, ஜிஎஸ்டி நம்பரோடு வாங்குங்கள். அல்சூர், சிவாஜிநகர் பக்கம் தமிழ் பேசும் கான்ட்ராக்டர்களுக்குப் பஞ்சமில்லை; ஆனால் முறையான பில் தருபவரைத்தான் தேட வேண்டும்.

பழைய தீ பாலிசி என்றால், மதிப்பைவிடக் குறைவாகக் காப்பீடு எடுத்ததற்குத் தொகையை வெட்டும் குறைகாப்பீட்டு விதி கடிக்கும். 40 லட்ச மதிப்புக்கு 20 லட்சம் மட்டும் எடுத்திருந்தால், 4 லட்சச் சேதத்துக்கு 2 லட்சம்தான். 2021 ஏப்ரல் முதல் வந்த பாரத் கிருஹ ரக்ஷாவில் அந்த வெட்டு இல்லை. கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, சாமான்களுக்குப் பட்டியல் இல்லாமலே காப்பு உண்டு. ரொக்கமும் பத்திரமும் அதில் சேராது. நகையைத் தனியாகக் குறிப்பிட்டு எடுத்திருக்க வேண்டும்.

தீ கேஸ் சிலிண்டரால் வந்திருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துள்ள பொதுப் பொறுப்புக் காப்பீட்டில், பதிவான முகவரியில் நடந்த விபத்துக்குச் சொத்துச் சேதமாக அதிகபட்சம் 2 லட்சம், உயிரிழப்புக்கு நபருக்கு 6 லட்சம் வரை உண்டு. ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். ரெகுலேட்டரையும் டியூபையும் தூக்கி எறியாதீர்கள், ஐஎஸ்ஐ முத்திரையைப் பார்ப்பார்கள்.

தொகை குறைவு என்று தோன்றினால், பணத்தை ஏற்றுக்கொண்டதாக எழுதித் தரும் டிஸ்சார்ஜ் வவுச்சரில் கையெழுத்திட்டதாலேயே உங்கள் உரிமை போய்விடாது. 2015லேயே ஐஆர்டிஏஐ இதைத் தெளிவாக்கிவிட்டது. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் ஜே.பி. நகர் முதல் ஃபேஸ், ஜீவன் சௌதா கட்டடத்தில் உள்ள இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் வரை விசாரிப்பார், கட்டணமோ வக்கீலோ வேண்டாம். ஆன்லைனில் மனு, வீடியோவில் விசாரணை என்பதால் அதற்காக மறுபடி டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.

பணம் கடைசியில் சிக்குவது பெயரில்தான். பாலிசி அப்பா பெயரில், கிரயப் பத்திரம் மகன் பெயரில் என்றால் கம்பெனி நிறுத்தும். வீட்டுக்கடன் இருந்தால் பணம் முதலில் பேங்குக்குப் போகும். உங்களுக்கு வர வேண்டுமானால் ஆட்சேபம் இல்லை என்று பேங்கின் கடிதம் வேண்டும். பழைய சேவிங்ஸ் கணக்கின் செக்கைக் கொடுக்காமல் வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ கணக்கைக் கொடுங்கள். லீவு முடிந்து கிளம்புமுன் உங்கள் சார்பில் செயல்பட இங்கேயே ஒருவருக்கு பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுத்துவிடுவது எளிது. வெளிநாட்டிலிருந்து தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பினால், அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தாள் கட்டணம் செலுத்த வேண்டும்.