வெரிகோசீல் அறுவை சிகிச்சையா, நேரடியாக இக்சியா?

திருமணமாகி இரண்டு ஆண்டுகளாகியும் குழந்தை இல்லாத நிலையில், என் மனைவிக்கு எல்லாப் பரிசோதனைகளும் முடிந்த பிறகுதான் எனக்கு விந்துப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். இந்த வரிசை தவறு என்பதே என் உறுதியான எண்ணம். ஒரு மில்லிலிட்டரில் 70 லட்சம் விந்தணுக்களே இருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேடு 1 கோடியே 60 லட்சத்தைக் கீழ்வரம்பாகக் கொள்கிறது. சில வாரங்கள் கழித்துச் செய்த இரண்டாம் பரிசோதனையும் அதையே காட்டியது. சிறுநீரகவியல் மருத்துவர் என்னை நிற்கவைத்து, முக்கச் சொல்லித் தொட்டுப் பார்த்ததும், இடப்பக்க விதைப்பையில் சிரைகள் புடைத்திருப்பது, அதாவது விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கக்கூடிய வெரிகோசீல், தெரிந்துவிட்டது.

ஒரு விந்தணுவை நேரடியாகக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்சி முறையில் முதல் குழந்தைகள் 1992இல் பிறந்தன. எண்ணிக்கை மிகவும் குறைந்தவர்களுக்கு அது பெரும் வரம். ஆனால் என்னிடம் உள்ள குறைக்காக மனைவி நாள்தோறும் ஊசி போட்டுக்கொண்டு, மயக்க மருந்தின் கீழ் கருமுட்டை எடுக்கப்படுவதை ஏற்க என் மனம் இடந்தரவில்லை. இக்சியை நாங்கள் செய்துகொள்ளாததால், அதன் சிரமங்களைப் பிறர் சொல்லக் கேட்டே எழுதுகிறேன்.

நான் தேர்ந்தெடுத்தது நுண்ணோக்கி வழி அறுவை சிகிச்சை. தமனியையும் நிணநீர்க் குழாய்களையும் காத்து, புடைத்த சிரைகளை மட்டும் கட்டிவிடுவார்கள். மறுநாளே வீடு திரும்பினேன்.

இரண்டில் எது என்பதை உண்மையில் தீர்மானிப்பது காலம். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் ஆகின்றன. அதன் பிறகு விரைமேற்குழாயில் முதிர மேலும் சில நாட்கள் வேண்டும். ஆகவே அறுவை சிகிச்சையின் பலனை மூன்று மாதங்களுக்கு முன் அளப்பதில் பொருளில்லை. இயல்பாகக் கருத்தரிக்க ஓராண்டுகூட ஆகலாம். எனக்கு ஆறாம் மாதத்தில் எண்ணிக்கை 1 கோடியே 90 லட்சமாக உயர்ந்தது. பதினோராம் மாதத்தில் மனைவி கருவுற்றார். அவருக்கு அப்போது வயது 28 என்பதால்தான் எங்களால் காத்திருக்க முடிந்தது. மனைவியின் வயது 35ஐக் கடந்திருந்தால், கருமுட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் குறைந்துகொண்டே வருவதால், அந்த ஓராண்டை இழப்பது பெரிய இழப்பு. அவர்களுக்கு நானே இக்சியைத்தான் சொல்வேன். கைக்குத் தென்படாமல் ஸ்கேனில் மட்டும் தெரியும் வெரிகோசீலுக்கும் இந்த அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படுவதில்லை.