பினாங்குத் துறைமுகத் தெருக்கள்: கிடங்கு போய்க் கலைக்கூடம் வந்த கதை

மெல்பர்னிலிருந்து மலேசியாவுக்குப் போகிறவர்கள் பினாங்குத் தீவில் எங்கே தங்கலாம் என்று கேட்டால், அதன் தலைநகரான ஜார்ஜ்டவுனின் துறைமுகத் தெருக்களைத்தான் சொல்வேன். ஆனால் சில முணுமுணுப்புகளும் இருக்கின்றன.

போய்ச் சேர்வதில் குறையில்லை. கோலாலம்பூரில் ரயில் ஏறி, தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்தில் இறங்கி, அங்கிருந்து படகு. கார்களைச் சுமந்த அந்தப் பழைய இரட்டைத் தட்டுப் படகுகள் ஓய்வு பெற்றுவிட்டன. 2023 முதல் ஓடும் புதிய படகுகளில் ஆட்களும் இருசக்கர வண்டிகளும் மட்டுமே. குளிர்சாதனம், சுத்தமான இருக்கை எல்லாம் உண்டு. கடல் காற்றுதான் இல்லை. வெல்ட் கீ துறையில் இறங்கியதும் நகருக்குள் சுற்றிவர இலவச பஸ் இருக்கிறது. பெட்டியோடு வருகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

இந்தக் கரையோரத்தில் ஒரு காலத்தில் ரப்பரும் வெள்ளீயமும் மிளகும் கிடங்கு கிடங்காக அடைந்து கிடந்தன. தொங்கான் என்ற சரக்குப் படகுகளிலிருந்து மூட்டை இறக்கியவர்களில் நம்மவர்கள் ஏராளம். 1969-இல் சுங்கமில்லாத் துறைமுகம் என்ற தகுதி பறிபோனது. சரக்குக் கப்பல்களும் பட்டர்வொர்த் பக்கம் போய்விட்டன. கிடங்குகள் பூட்டிக் கிடந்தன. பிறகு 2008-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டம் வந்தது. 2012-இல் லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸகரெவிச் ஆர்மேனியன் தெருச் சுவரில் ஒரு நிஜ சைக்கிளைப் பொருத்தி, அதன்மேல் இரண்டு குழந்தைகளை வரைந்தார். இன்று அதன் முன் நின்று படம் எடுக்க வரிசை பிடிக்க வேண்டும், வெயிலில்.

எனக்குப் பிடித்தது ஹின் பஸ் டிப்போ. குருத்வாரா சாலையில் பாழடைந்து கிடந்த பஸ் பணிமனை அது. 2014-இல் ஸகரெவிச்சின் கண்காட்சியோடு கலைக்கூடமாகத் திறந்தது. கூரை போன பகுதியை அப்படியே விட்டுப் புல்தரை ஆக்கியிருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் உள்ளூர்ப் பிள்ளைகள் மண்பாண்டமும் அச்சோவியமும் விற்கிறார்கள். விலை கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள், வாங்காவிட்டாலும்.

தங்கும் இடத்தைப் பற்றி இப்படிப் புகழ முடியவில்லை. பழைய கடைவீட்டை விடுதியாக்கியிருந்தார்கள். வரவேற்க ஆளே இல்லை. கதவின் எண் கைப்பேசிக்கு வரும் என்றார்கள். இரவு பத்து மணிக்குத் தெருவில் நின்றபோது வரவில்லை. எதிர்க்கடைத் தமிழ் முஸ்லிம் பெரியவர் நாற்காலி போட்டு, "உட்காருங்கம்மா, தேநீர் குடித்துவிட்டு மறுபடியும் கூப்பிட்டுப் பாருங்கள்" என்றார். அன்றைய சேவைகளில் சிறந்தது அதுதான்.

மறுநாள் அறுந்த செருப்பைத் தைக்க ஆள் தேடினேன். நான் நடந்த தெருக்களில் காபிக்கடைகள் வரிசையாக இருந்தன, செருப்புத் தைப்பவர் ஒருவரும் கண்ணில் படவில்லை. பழைய வாடகைக் கட்டுப்பாடு 2000-இல் முடிவுக்கு வந்தபின் குடியிருந்தவர்களும் சிறு தொழில்காரர்களும் வெளியேறத் தொடங்கினார்கள். மரபுரிமைப் பட்டம் வாடகையை இன்னும் ஏற்றியது. ஓவியங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவை வருவதற்கு முன்பே வீடுகள் காலியாக ஆரம்பித்துவிட்டன.

ஸ்டூவர்ட் சந்துப் பக்கம் ரஷ்ய ஓவியர் யூலியா வோல்ச்கோவா தீட்டிய இந்தியப் படகோட்டி இருக்கிறார். அங்கே வரிசை இல்லை. நான் அதிக நேரம் நின்றது அங்கேதான். ஆனால் கரையோரம் நான் படித்த தகவல் பலகைகளில் மூட்டை சுமந்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

உடன் வந்த அத்தைக்கு வேறு கவலை. கடைகளின் முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடிப் பாதை கடைக்குக் கடை ஏறி இறங்குகிறது. முழங்கால் வலிக்காரர்களுக்குச் சோதனை. "சுவரெல்லாம் படம் போட்டவன் கழிப்பறை எந்தப் பக்கம் என்று ஓர் அம்புக்குறி போட்டிருக்கலாமே" என்றார். பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் காலை ஒன்பதுக்குள் நடையை முடித்துக்கொள்ளுங்கள்.