கேப் நல்லாத்தான் இருக்கு, அந்த இடுக்குதான்!

ரூட் கெனால் (பல்லின் உள்நரம்பை எடுத்து அடைக்கும் சிகிச்சை) முடிந்த கடைவாய்ப்பல்லுக்குக் கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) கட்டாயமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பெரும்பாலும் கட்டாயம்தான். சொத்தையைச் சுரண்டி, மேலே துளையிட்டு, வேர்க்குழாய் வரை குடைந்தபின் மிஞ்சுவது மெல்லிய சுவர்கள். மெல்லும் விசையில் அவை பிளக்கலாம். பிளவு வேருக்குள் இறங்கிவிட்டால் பெரும்பாலும் பல்லைப் பிடுங்க வேண்டியதுதான். ஆக, கேப் வேண்டுமா என்பதில் சண்டையில்லை. வருடக்கணக்கில் வாயில் வைத்திருப்பவரைக் கடுப்பேற்றுவது வேறொன்று: கேப்புக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவில் சாப்பாடு சிக்குவது.

அடுத்தடுத்த பற்கள் ஓரிடத்தில் இறுக்கமாகத் தொட்டுக்கொண்டு நிற்கும். அந்தத் தொடுகை தளர்ந்தால், ஒவ்வொரு கடியிலும் எதிர்ப்பல் இறைச்சி நாரையும் கீரை நாரையும் இடுக்குக்குள் இடித்துத் திணிக்கும். முதலில் ஈறு கனக்கும், பிறகு ரத்தம் கசியும், வாடை வரும். கவனிக்காமல் விட்டால் பக்கத்தில் இருக்கும் நல்ல பல்லும் சொத்தையாகலாம்.

தொடுகை தளர்வதற்குப் பல சமயம் காரணம், கேப் மாட்டும் கடைசி நாளின் அவசரம். பல்லைச் செதுக்கி (மேற்புறம் சுமார் 1.5 முதல் 2 மி.மீ.), ஈறோரம் நூல் செருகி விலக்கி, சிலிக்கான் அச்சு எடுத்து, கேப் செய்யும் லேபுக்கு அனுப்புகிறார்கள். நடுவில் தற்காலிக கேப் கழன்று, அப்படியே விட்டுவிட்டால் பக்கத்துப் பற்கள் நகர்ந்துவிடும். வந்த கேப் உட்காராது. உட்கார வைக்கப் பக்கவாட்டில் தேய்ப்பார்கள். ஒரு சுற்று அதிகமானால் தொடுகை போச்சு. லேபிலேயே கூடுதலாகத் தேய்த்து அனுப்புவதும் உண்டு.

சிமென்ட் போடுமுன் கேப்பைச் சும்மா மாட்டி, இரண்டு பக்கமும் ஃப்ளாஸ் (பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்) விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நூல் கொஞ்சம் முரண்டு பிடித்து, 'டிக்' என்று இறங்க வேண்டும். தடையே இல்லாமல் வழுக்கிப் போனால் ஒட்டவே விடாதீர்கள். அந்த நிலையில் லேபில் பீங்கான் சேர்த்துச் சரிசெய்யலாம். ஒட்டியபின் பெரும்பாலும் இரண்டே வழி: கேப்பை அறுத்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்துப் பல்லில் ஃபில்லிங் வைத்து இடைவெளியை அடைக்க வேண்டும். நாமோ கண்ணாடியில் நிறம் பார்க்கிறோம், கடி சரியா என்று பார்க்கும் நீலத்தாளைக் கடித்துக் காட்டுகிறோம், கிளம்பிவிடுகிறோம்.

நியாயமாகச் சொன்னால், எல்லாப் பழியும் மருத்துவர் மேல் இல்லை. சரியாக அமைந்த தொடுகையும் பற்கள் மெல்ல நகர்வதால் பின்னாளில் தளரலாம்.

உலோகத்தின் மேல் பீங்கான் பூசியதா, ஜிர்கோனியாவா (உலோகம் தெரியாத, கெட்டியான வெள்ளைப் பீங்கான் வகை) என்ற விவாதத்துக்கு இரண்டே வரி. முன்னதில் ஈறு கீழிறங்கினால் ஓரத்தில் கருங்கோடு தெரியலாம். பின்னதைத் தேய்த்துச் சரிசெய்தால் மறுபடி பாலிஷ் போட்டே ஆகவேண்டும். சொரசொரப்பாக விட்டால் எதிர்ப்பல்லை அரைத்துவிடும்.

எதிர்பாராத சுகம் ஒன்று உண்டு. ஐஸ் தண்ணீர் பட்டாலும் அந்தப் பல் வாய் திறக்காது. உள்ளே நரம்பே இல்லையே! ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. கேப்பின் ஓரத்தில் புதுச் சொத்தை பிடித்தாலும் அது கூசாது. மருத்துவர் பரிசோதித்து, எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்தால்தான் சீக்கிரம் பிடிபடும். கடிக்கும்போது வலித்தால் மட்டும் 'நரம்புதான் எடுத்தாச்சே' என்று ஒதுக்க வேண்டாம். வேரைச் சுற்றியுள்ள திசு உயிரோடுதான் இருக்கிறது.

தளர்ந்த இடுக்குக்கு ஃப்ளாஸை விட பல்லிடுக்கு பிரஷ் மேல். திணிக்காமல் நுழைந்து, தூரிகை இரு பக்கமும் படும் அளவாகப் பாருங்கள். மரக்குச்சியால் குத்தவே குத்தாதீர்கள், ஈறு கிழியும்.

மெல்லுவதற்கு முழு மதிப்பெண், தோற்றத்துக்கும் முழு மதிப்பெண். மொத்தத்தில் ஐந்துக்கு இரண்டு. சாப்பிட்டு அரை மணி கழித்தும் நாக்கு அந்த இடுக்கையே துழாவிக்கொண்டிருந்தால் வேறு எண் எழுத மனம் வருமா?