தொடர் குளுக்கோஸ் கண்காணிப்புக் கருவி: ஓராண்டுக்கு மேற்பட்ட பயன்பாட்டில் கண்டவை

இரண்டாம் வகை நீரிழிவுக்கு மாத்திரை எடுத்துவரும் நான், மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் தொடர் குளுக்கோஸ் கண்காணிப்புக் கருவியை ஓராண்டுக்கும் மேலாக இடைவெளி விட்டுப் பயன்படுத்தி வருகிறேன். அதற்கு முன் வெறும் வயிற்றுச் சர்க்கரையும், இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி அளவும் மட்டுமே என் கோப்பில் இருந்தன. இரண்டுமே உணவுக்குப் பின் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் எழுந்து தணியும் உச்சத்தைத் தனியாகக் காட்டுவதில்லை. எச்பிஏ1சி 7.3 விழுக்காட்டுக்குக் கீழே இருப்போரிடம் பகல்நேரச் சர்க்கரை மிகையில் ஏறத்தாழ 70 விழுக்காடு உணவுக்குப் பிந்தைய ஏற்றத்தால் வருவதாக 2003இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்று கணக்கிட்டது. சராசரி நன்றாக இருப்பவர்களே இக்கருவியால் அதிகம் தெரிந்துகொள்வார்கள் என்று நான் கருதுவது இதனால்தான்.

மிகையான குளுக்கோஸ் இரத்தக் குழாய்களின் உட்படலத்தில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை (செல்களைச் சேதப்படுத்தும் வேதிவினைகளின் மிகுதியை) உண்டாக்குகிறது; புரதங்களோடு பிணைந்து அவற்றின் இயல்பையும் கெடுக்கிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடரும்போது விழித்திரை, சிறுநீரகம், நரம்புகள் ஆகியவை பாதிக்கப்படுகின்றன. ஆனால் உச்சத்தை மட்டும் குறைத்தால் இதயம் காக்கப்படும் என்பது நிறுவப்படவில்லை: மாவுச்சத்துச் செரிமானத்தைத் தாமதப்படுத்தும் அகார்போஸ் மருந்தை ஆராய்ந்து 2017இல் வெளியான ஏஸ் ஆய்வில், புதிதாக நீரிழிவு வருவது குறைந்ததே தவிர, இதயநோய் நிகழ்வுகள் குறையவில்லை.

உணவு தொடங்கிய ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராமுக்குள் இருப்பதே நீரிழிவுள்ள பெரும்பாலோருக்கும் சொல்லப்படும் இலக்கு. காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு மாவுச்சத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டதும், உண்டபின் சற்று நடந்ததும் உச்சத்தைத் தணித்தது என் வரைபடத்தில் தெளிவாகவே தெரிந்தது. இயங்கும் தசை இன்சுலினின் உதவியின்றியும் குளுக்கோஸை உள்ளிழுத்துக்கொள்கிறது.

குறைகளும் உண்டு. கருவி அளப்பது இரத்தத்தை அன்று, திசுநீரை. ஆகவே சர்க்கரை வேகமாக மாறும்போது அளவீடு சில நிமிடங்கள் பின்தங்குகிறது. அந்தக் கையின் மீது படுத்துறங்கினால் இல்லாத தாழ்சர்க்கரையைக் காட்டி எச்சரிக்கை ஒலி எழுப்பும். இன்சுலின் போடுபவர்களுக்கு இடைவிடாத கண்காணிப்பு அவசியமாகலாம். என்னைப் போன்றவர்களுக்கோ, மருந்தோ உணவுமுறையோ மாறும்போது கையில் ஒட்டும் ஓர் உணரியின் (சென்சாரின்) ஆயுட்காலம் வரை அணிந்து பார்ப்பதே போதுமானது.