படுக்க வைத்து எடுத்த எக்ஸ்ரே

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு ஊருக்கு வந்ததில் விமானம், டாக்ஸி, சிம் கார்டு எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்டது. அதில் எழுத ஒன்றுமில்லை. இந்த முறை என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் ஒரே ஒரு எக்ஸ்ரே.

பெரியவளுக்கு 12 வயது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, கூடவே முறுக்கிக்கொண்டும் இருக்கிறது. ஸ்கோலியோசிஸ். போன தடவை அளந்தபோது வளைவு 31 டிகிரி. வளர்கிற வயதில் 25-இலிருந்து 40 வரை இருந்தால் பிரேஸ் போட்டுப் பார்ப்பார்கள், 50-ஐ நெருங்கினால்தான் ஆபரேஷன் பேச்சு வரும். அதனால் தினம் 18 மணி நேரம் அந்த பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கிறாள். அடுத்த எக்ஸ்ரேக்கு நாங்கள் இருக்கும் நாட்டில், அங்கே, பதினோரு வாரம் காத்திருக்க வேண்டும். "ஊருக்குத்தானே போறீங்க, அங்கேயே எடுத்து அனுப்புங்க" என்று டாக்டரே சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஊரில் இருபதே நிமிஷம். டோக்கன், பெயர் கூப்பிடுவது, பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து உட்காருவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். சின்ன வயதில் அப்பாவோடு உட்கார்ந்த அதே மாதிரி பெஞ்ச். மனசு இளகிப்போயிருந்தேன், அதுதான் தப்பு.

"பாப்பா, மேலே ஏறிப் படு" என்றார் எக்ஸ்ரே எடுப்பவர்.

"அண்ணே, நிக்க வச்சு எடுக்கணும். சீட்டுல எழுதியிருக்கு பாருங்க."

"முதுகுன்னா படுத்துதான் மேடம். ஆடாம வரும்."

சீட்டை நாலாக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். வாக்குவாதம் வளர்ப்பதற்குள் கதவு மூடி, சிவப்பு விளக்கு எரிந்து, எல்லாம் முடிந்துவிட்டது.

ரிப்போர்ட்டில் 22 டிகிரி. வீட்டில் ஒரே கொண்டாட்டம். "நான் சொல்லலை? ஊர்க் காத்து பட்டாலே சரியாயிடும். அந்தக் கூட்டைக் கழட்டிப் போடு" என்றார் அத்தை. இதே அத்தைதான் முதல் நாள் புத்தகப்பையைத் தூக்கித் தூக்கித்தான் முதுகு வளைந்தது என்று தீர்ப்புச் சொன்னவர். பை காரணமில்லை, கூன் போட்டு உட்காருவதும் காரணமில்லை. இந்த வயதில் வருவதில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமே தெரியாது என்று நானும் நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

எனக்கும் ஒரு நிமிஷம் ஆசை வந்தது, பொய் சொல்லவில்லை. அவளைக் கூப்பிட்டு, பாதங்களைச் சேர்த்து, கைகளைத் தொங்கவிட்டுக் குனியச் சொன்னேன். முதன்முதலில் இது கண்ணில் பட்டது அப்படித்தான். வலது பக்க விலா அதே மேடாக எழுந்து நின்றது. ஒன்பது டிகிரி குறைந்திருந்தால் இந்த மேடு கொஞ்சமாவது தணிந்திருக்க வேண்டாமா?

விஷயம் சின்னது. படுத்தால் உடம்பின் பாரம் முதுகெலும்பில் இறங்காது, வளைவு தளர்ந்து குறைவாகத் தெரியும். முந்தைய படம் நிற்க வைத்து எடுத்தது, அதோடு இதை ஒப்பிட முடியாது. இந்த 22-ஐ நம்பி நான் பிரேஸைக் கழற்றியிருந்தால்? 2013-இல் வெளியான பெரிய ஆய்வில், பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேர் 50 டிகிரியைத் தொடாமலே வளர்ந்து முடித்தார்கள். போடாமல் கண்காணிக்கப்பட்டவர்களில் 48 சதவீதம்தான். தினம் 13 மணி நேரம்போலப் போட்டவர்களுக்குப் பலன் 90 சதவீதத்துக்கும் மேல். கழற்றிப் போட அது என்ன மழைக்கோட்டா?

அங்கே என்றால் படுக்க வைக்க மாட்டார்கள், பிரேஸைக் கழற்றி எத்தனை மணி நேரமாச்சு என்றுகூடக் கேட்பார்கள். ஆனால் அதையும் பதினோரு வாரம் கழித்துத்தான் கேட்பார்கள்.

வளர்கிற பெண்ணுக்கு வீணாக ஒரு தடவை கதிர்வீச்சு. அந்தக் கோபத்தோடுதான் இரண்டாவது இடத்துக்குப் போனேன். வாசலிலேயே சண்டைக்குத் தயார். அங்கே இருந்த வயதானவர் சீட்டை ஒரு தடவை பார்த்தார். "செருப்பைக் கழட்டு கண்ணு. தட்டைப் பாத்து நில்லு, முதுகு என் பக்கம்." முதுகுப் பக்கமிருந்து எடுத்தால் மார்பில் படும் கதிர்வீச்சு குறையும், அதனால்தானாம். திரும்பி என்னிடம், "இடுப்பெலும்போட மேல் விளிம்பும் சேர்ந்து வரணும்மா. இன்னும் எவ்வளவு வளர்த்தி பாக்கின்னு டாக்டர் அதுலதான் பாப்பார்" என்றார். நான் வாயே திறக்கவில்லை. அங்கேகூட இதை யாரும் எனக்கு விளக்கியதில்லை.

33 டிகிரி. அளப்பதிலேயே ஐந்து டிகிரி வரை முன்னே பின்னே வரும் என்பதால், பழைய 31-க்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ஏறவில்லை. எனக்கு அது போதும்.

அந்த 22 டிகிரி ஃபிலிமை அத்தை என்னிடம் தரவில்லை. பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார். போன வாரம் போனிலும் முதல் கேள்வி, "இன்னுமா கழட்டலை?"