உப்புவெளித் திமிங்கிலப் படகு: கிட்டப் போகாததற்காகவே சிபாரிசு செய்கிறேன்

திருகோணமலையில் திமிங்கிலம் பார்க்க எந்தப் படகில் போகலாம் என்று கேட்பவர்களுக்கு, உப்புவெளிக் கரையில் நாங்கள் போன சிறு ஃபைபர் படகைத்தான் காட்டுவேன். பெயர்ப்பலகை கிடையாது. மீன்பிடிக் குடும்பம் ஒன்று நடத்துகிறது. படகை ஓட்டுபவர் அந்த வீட்டின் மூத்தவர். கரையில் எல்லோரும் அவரைத் தண்டயல் ஐயா என்றே கூப்பிடுகிறார்கள். முந்தின நாள் மாலை நேரில் போய்ப் பேசிவிட்டு வந்தால் போதும்.

விடியும் முன்னரே கிளம்பிவிடுவார். வைகாசிக்குப் பிறகு கரையிலிருந்து கடல் பக்கம் வீசும் கச்சான் காற்று காலையில் அடங்கியிருக்கும். வெயில் ஏற ஏற வலுத்துவிடும். அதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பதில் அவர் கறார். எல்லோரும் உயிர்காப்பு அங்கி அணிந்து வாரைக் கட்டும்வரை எஞ்சினைத் தொடவில்லை. ஆனால் பிள்ளைகளின் அளவுக்கு அங்கி இல்லை. என் மகளுக்குத் தந்தது தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. இதை அவரிடமே சொன்னேன். கட்டாயம் வாங்கி வைக்க வேண்டிய பொருள்.

இங்கே திமிங்கிலத்துக்காக நெடுந்தூரம் ஓடத் தேவையில்லை. கொட்டியாரக் குடாவிலிருந்தே ஒரு பெரும் ஆழ்கடல் பள்ளத்தாக்கு இறங்கிப் போகிறது. கோணேசர் கோயில் மலை கண்ணுக்குத் தெரியும்போதே படகுக்கு அடியில் பல நூறு மீட்டர் ஆழம்.

தூரத்தில் திமிங்கிலத்தின் மூச்சு நீர்த்தூவலாய் எழுந்ததும் தண்டயல் வேகத்தைக் குறைத்தார். இன்னும் கொஞ்சம் போய் எஞ்சினை நிறுத்தியே விட்டார். நீலத் திமிங்கிலம். சாம்பலும் நீலமும் கலந்த, புள்ளி விழுந்த முதுகு நீரை ஒட்டி வழுக்கிக்கொண்டே போகிறது. முடிந்துவிட்டது என்று நினைத்த பிறகுதான் அந்தச் சின்ன முதுகுத்துடுப்பு தலைகாட்டுகிறது. பல தடவை மூச்சு விட்டது. பிறகு முதுகை வளைத்து, வாலை உயர்த்தி, நேரே கீழே இறங்கியது. அது போன இடத்தில் எண்ணெய் ஊற்றியதுபோல் வழவழப்பான ஒரு வட்டம் வெகுநேரம் கலையாமல் கிடந்தது.

அடுத்த முறை அது மேலே வந்தபோது வேறு இரண்டு படகுகள் முழு வேகத்தில் அதை நோக்கிப் பாய்ந்தன. ஒன்று அதன் பாதைக்கே குறுக்கே போனது. மூச்சை முடிக்காமலே, வாலைக்கூடக் காட்டாமல் அது அமிழ்ந்துவிட்டது. என் மருமகன் பொறுக்காமல், “ஐயா, நாங்களும் கொஞ்சம் கிட்டப் போகலாமே” என்றான். “தம்பி, அது மூச்சு வாங்க வந்தது. வாங்கட்டும்” என்றார். நான் இந்தப் படகைச் சிபாரிசு செய்வதே இந்தப் பதிலுக்காகத்தான்.

திமிங்கிலத்துக்கு 100 மீட்டருக்குள் படகு போகக்கூடாது என்று 2012ஆம் ஆண்டிலிருந்தே இலங்கையில் விதி உண்டு. கடலில் அதைக் காப்பது ஓட்டுபவரின் மனச்சாட்சிதான். வட இந்து சமுத்திரத்தின் நீலத் திமிங்கிலங்கள் வேறு கடல்களின் பல நீலத் திமிங்கிலங்களைப்போல் துருவக் கடலுக்கு வலசை போவதில்லை. இரை தேடுவதும் குட்டி ஈனுவதும் இந்தச் சூடான கடல்களில்தான். இங்கே விரட்டினால் அவை எங்கே போகும்? தெற்கே தெவுந்தர முனைக்கு அப்பால், உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று அவை இரை எடுக்கும் பகுதி வழியாகவே போகிறது. கப்பல் மோதி இறந்த திமிங்கிலங்களை நாம் கண்டிருக்கிறோம். 2022இல் எம்எஸ்சி கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை வழக்கமான பாதையிலிருந்து ஏறக்குறைய 15 கடல் மைல் தெற்கே விலக்கி ஓட்டத் தொடங்கியது. அத்தனை பெரிய கொள்கலன் கப்பல்கள் விலகிப் போக முடியுமென்றால், பத்துப் பேர் ஏறும் படகு எட்ட நின்று பார்க்க முடியாதா?

திமிங்கிலம் தென்படாவிட்டால் தண்டயல் ஐயா பணத்தைத் திருப்பித் தருவதில்லை. பலருக்கு இது குறையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. “காணாவிட்டால் காசு வேண்டாம்” என்று கூவி ஆள் ஏற்றுபவருக்குத் துரத்துவதைத் தவிர வேறு வழியில்லை. எந்தப் படகில் ஏறுவதாக இருந்தாலும், “கண்டதும் எஞ்சினை என்ன செய்வீர்கள்?” என்று கரையிலேயே கேட்டுவிடுங்கள். எவ்வளவு கிட்டக் கூட்டிப்போவேன் என்று பெருமை பேசுபவரைத் தவிர்த்துவிடுங்கள்.

படகில் நிழலும் இல்லை, கழிவறையும் இல்லை. தொப்பி, தண்ணீர், காலைச் சாப்பாட்டை அளவோடு முடித்த வயிறு, மூன்றும் அவசியம். வயதானவர்களை அலையில் ஏற்றி இறக்குவது சிரமம். என் அம்மாவைப்போல் படகு ஏற முடியாதவர்கள் கோணேசர் கோயில் மலையிலிருந்தே பார்க்கலாம். பருவத்தில் அங்கிருந்தே மூச்சு எழுவது தெரியும். காலையில் சூரியன் முகத்துக்கு நேரே கூசும். பிற்பகலில் ஒரு தொலைநோக்கியோடு போங்கள். வெயில் முதுகுப்பக்கம் இருக்கும், காசும் செலவில்லை.